பத்துக்கு ஆறு வாங்கிய பள்ளி: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கப் பொதுத் தொடக்கப்பள்ளிகளின் தேர்வு முடிவுகளையும் மாணவர் விவரப் பட்டியலையும் எப்படிப் படிப்பது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

வாசகர், டெக்சஸ்: வீடு வாங்கப் பார்க்கிறோம். இரண்டு இடங்கள் பிடித்திருக்கின்றன. ஓரிடத்துத் தொடக்கப்பள்ளிக்கு இணையத்தில் பத்துக்கு 9, இன்னோரிடத்துப் பள்ளிக்கு 6. இரண்டாவதில் ஏழைப் பிள்ளைகள் அதிகம் என்கிறார்கள். மகள் கிண்டர்கார்டன் போகப்போகிறாள். 9-ஐத்தானே எடுக்க வேண்டும்?

அந்த எண்ணை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

2015 டிசம்பரில் கையெழுத்தான 'எவ்ரி ஸ்டூடன்ட் சக்சீட்ஸ்' சட்டப்படி எல்லா மாநிலங்களும் 3 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்புக்கும் கணக்குக்கும் தேர்வு வைக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு முடியும் பள்ளியில் தேர்வு எழுதுவது 3, 4, 5 ஆகிய மூன்று வகுப்புகள்தான். எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகும் கிண்டர்கார்டன், 1, 2 வகுப்புகள் அந்தத் தேர்வில் வருவதே இல்லை. உங்கள் மகளின் முதல் மூன்று வருடங்கள் போகப்போவதோ அங்கேதான்.

வீட்டு விற்பனைத் தளங்களில் காணும் பத்துக்கு இத்தனை என்ற எண் பெரும்பாலும் கிரேட்ஸ்கூல்ஸ் என்ற அமைப்பு தருவது. அந்தந்த மாநிலத்துப் பள்ளிகளுக்குள் ஒப்பிட்டுப் போடப்படுவதால் டெக்சஸில் 8 வாங்கிய பள்ளியையும் மாசசூசெட்ஸில் 8 வாங்கிய பள்ளியையும் அருகருகே வைக்க முடியாது. தேர்வில் தேறியவர் சதவீதத்துக்கும் அதில் முக்கியப் பங்கு உண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். இரண்டு பள்ளிகள், இரண்டிலும் தேர்வு எழுதியவர் 100 பேர். முதல் பள்ளியில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் 80 பேர். அவர்களில் 75 சதவீதம், அதாவது 60 பேர் தேறினார்கள். வசதி குறைந்தவர்கள் 20 பேர். அவர்களில் 40 சதவீதம், அதாவது 8 பேர். மொத்தம் 68. இரண்டாம் பள்ளியில் வசதியானவர்கள் 30 பேர். 80 சதவீதம், 24 பேர் தேறினார்கள். வசதி குறைந்தவர்கள் 70 பேர். பாதிப்பேர், அதாவது 35 பேர். மொத்தம் 59. பட்டியலில் 68 மேலே நிற்கும், 59 கீழே நிற்கும். ஆனால் வசதியான பிள்ளைக்கும் இரண்டாம் பள்ளிதான் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது, வசதி குறைந்த பிள்ளைக்கும் இரண்டாம் பள்ளிதான். மொத்த எண்ணில் அது தெரியாமல் போனதற்குக் காரணம், யார் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது மட்டுமே.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் கீழ் அரசு கேட்டுக்கொண்டபடி சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஒரு குழு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து 1966-இல் அறிக்கை தந்தது. பள்ளியின் கட்டடம், நூலகம், செலவு இவற்றைவிடக் குடும்பப் பின்னணியே மதிப்பெண் வேறுபாட்டோடு நெருங்கி நிற்கிறது என்று அது காட்டியது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஷான் ரியர்டன் குழு நாடு முழுவதுமுள்ள பள்ளிகள், பள்ளி மாவட்டங்கள் (ஒரு வட்டாரத்துப் பொதுப்பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) ஆகியவற்றின் தேர்வு முடிவுகளை ஒரே அளவுகோலில் கோத்துப் பார்த்தது. சராசரி மதிப்பெண் குடும்ப வசதியோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்ற வளர்ச்சி வேகத்துக்கும் வசதிக்கும் உள்ள பிணைப்போ மிகத் தளர்வானது. சிகாகோ பொதுப்பள்ளிகளின் சராசரி தாழ்ந்திருந்தும், 2009-க்கும் 2014-க்கும் இடையில் அங்கே மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குப் போன பிள்ளைகள் ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுக் கல்வி அளவுக்கு முன்னேறியதாக அந்த ஆய்வு கண்டது. ரியர்டன் குழுவின் இணையதளத்தில் பள்ளிவாரியாகச் சராசரி, கற்றல் வேகம் இரண்டையும் தனித்தனியே பார்க்கலாம். கற்றல் வேகத்தைப் பாருங்கள்.

டெக்சஸ் வாசகர் என்பதால் உங்களுக்கு இன்னொரு கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மாநிலக் கல்வி முகமை பள்ளிகளுக்குத் தரும் ஏ முதல் எஃப் வரையிலான தரநிலையில் 'பள்ளி முன்னேற்றம்' என்றொரு பிரிவு உண்டு. அதன் முதல் பகுதி தனித்தனிப் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கிறது. இரண்டாம் பகுதி, பொருளாதாரத்தில் பின்தங்கிய மாணவர் சதவீதம் ஏறக்குறைய ஒன்றாக உள்ள மற்றப் பள்ளிகளோடு இந்தப் பள்ளியை ஒப்பிடுகிறது. மொத்தத் தரநிலையில் 'மாணவர் சாதனை', 'பள்ளி முன்னேற்றம்' ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதற்கு 70 சதவீத எடை, மாணவர் பிரிவுகளுக்கு இடையிலான வேறுபாட்டைப் பார்க்கும் 'இடைவெளி குறைத்தல்' பிரிவுக்கு 30 சதவீத எடை. ஒற்றை எழுத்தைப் பார்த்துத் திரும்பாமல் உள்ளே போய்ப் பிரிவுவாரியாகப் படியுங்கள். பத்துக்கு 6 வாங்கிய அந்தப் பள்ளி 'பள்ளி முன்னேற்றம்' பிரிவில் மேலே நின்றால் அது நல்ல பள்ளி, தயங்காமல் சேர்க்கலாம்.

வீடு வாங்குவோர் தவறவிடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். விற்பனைத் தளம் காட்டும் பள்ளி எல்லை, அதாவது எந்த முகவரிக்கு எந்தப் பள்ளி என்ற வரையறை, பழையதாக இருக்கலாம். வீட்டின் முழு முகவரியைக் கொடுத்துப் பள்ளி மாவட்ட அலுவலகத்திலேயே கேளுங்கள். புதுப்பள்ளி திறந்து எல்லையை மாற்றும் திட்டம் உண்டா, இடம் நிரம்பிவிட்டால் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்புவார்களா என்ற இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். வேகமாக வளரும் புறநகர்களில் இரண்டுமே நடக்கும்.

வாசகி, கலிஃபோர்னியா: வீட்டில் தமிழில்தான் பேசுகிறோம். பள்ளிப் படிவத்தில் அப்படி எழுதினால் மகனை ஆங்கிலம் தெரியாதவன் என்று ஒதுக்கிவிடுவார்கள், 'இங்கிலீஷ்' என்றே எழுதிவிடு என்று தோழிகள் சொல்கிறார்கள். எதை எழுதுவது?

உள்ளதை எழுதுங்கள். இந்தக் கேள்வி எங்களுக்கு அடிக்கடி வருவதால் விரிவாகவே சொல்கிறோம்.

சான் ஃபிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆங்கிலம் புரியாமல் உட்கார்ந்திருந்த சீனப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாருக்கும் ஒரே பாடப்புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் சமமாக நடத்தியதாகாது என்பது அதன் சாரம். அதற்குப் பிறகுதான் மொழி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவது பள்ளிகளின் கடமையானது. வீட்டுமொழிப் படிவம் அதன் முதல் படி.

கலிஃபோர்னியாவில் அந்தப் படிவத்தில் 4 கேள்விகள்: பிள்ளை முதலில் பேசக் கற்ற மொழி எது, வீட்டில் பிள்ளை அதிகம் பேசும் மொழி எது, நீங்கள் பிள்ளையிடம் அதிகம் பேசும் மொழி எது, வீட்டுப் பெரியவர்கள் அதிகம் பேசும் மொழி எது. முதல் மூன்றில் எதற்காவது ஆங்கிலம் அல்லாத மொழியை எழுதியிருந்தால், சேர்ந்த 30 நாட்களுக்குள் தொடக்க நிலை 'எல்பாக்' என்ற ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பார்கள். தேறிவிட்டால் 'ஆரம்பத்திலேயே ஆங்கிலத் தேர்ச்சி உள்ளவர்' என்று பதிந்து கதையை முடித்துவிடுவார்கள். வீட்டில் தமிழ் பேசியும் இங்கே பாலர் பள்ளிக்குப் போய்வந்த பல பிள்ளைகள் இப்படித்தான் முதல் நாளே வெளியே வந்துவிடுகிறார்கள். தேறாவிட்டால் 'ஆங்கிலம் கற்பவர்' என்ற பிரிவில் சேர்ப்பார்கள். மகன் வழக்கமான வகுப்பிலேயே இருப்பான். நாளில் ஒரு பகுதி ஆங்கில வளர்ச்சிப் பாடம் கூடுதலாகக் கிடைக்கும். வேண்டாம் என்று தோன்றினால் அந்த உதவி வகுப்பை மறுக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. ஆனால் மறுத்தாலும், வெளியேறும்வரை ஆண்டுத் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும்.

'ஆங்கிலம் கற்பவர்' பிரிவிலிருந்து வெளியேற 4 அளவுகோல்கள்: எல்பாக் தேர்வில் மொத்தமாக 4-ஆம் நிலை, ஆசிரியர் மதிப்பீடு, பெற்றோர் கருத்து, அதே வயது ஆங்கிலப் பிள்ளைகளோடு ஒப்பிட்ட அடிப்படைத் திறன். பல பிள்ளைகள் பேச்சில் 4 வாங்கி, எழுத்தில் தடுக்கி நிற்கிறார்கள். மகன் சரளமாகத்தானே பேசுகிறான் என்று விட்டுவிடாமல், கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து ஆகிய நான்கு திறன்களின் மதிப்பெண்ணையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

படிவத்தில் 'இங்கிலீஷ்' என்று எழுதினால் என்ன ஆகும்? மகனுக்கு வாசிப்பில் தடுமாற்றம் வந்தால், அது மொழி பழகாததாலா, கற்றல் குறைபாட்டாலா என்று ஆசிரியரால் பிரித்தறிய முடியாது. வீட்டில் வேறு மொழி இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாதே. தவறான உதவி கிடைக்கும், அல்லது உதவியே கிடைக்காது. எழுதியதில் பிழை இருந்தால் தொடக்கத் தேர்வுக்கு முன்பே திருத்திக் கொடுங்கள். தேர்வு முடிந்தபின் படிவத்தை மட்டும் மாற்றினால் பிரிவு மாறாது.

இதில் புள்ளிவிவரச் சூட்சுமம் ஒன்றும் இருக்கிறது. பள்ளி அறிக்கையில் 'ஆங்கிலம் கற்பவர்' பிரிவின் தேர்ச்சி எப்போதும் தாழ்ந்தே தெரியும். நன்றாகக் கற்றவர்கள் பிரிவை விட்டு வெளியேறுகிறார்கள். புதிதாக வந்தவர்கள் உள்ளே சேர்கிறார்கள். ஜெயித்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு மிஞ்சியவர்களை எண்ணினால் வேறு எப்படி வரும்? அதனால்தான் வெளியேறியவர்களின் மதிப்பெண்ணையும் 4 ஆண்டுகள் வரை இந்தப் பிரிவோடு சேர்த்துக் கணக்கிட மாநிலங்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. ஒரு பள்ளியின் மொழி உதவியை எடைபோட வேண்டுமானால், ஆண்டுக்கு எத்தனை பேர் வெளியேறினார்கள், வெளியேறியபின் எப்படிப் படிக்கிறார்கள் என்ற இரண்டையும் பாருங்கள்.

வாசகர், நியூ ஜெர்சி: மகன் படிக்கும் பள்ளியில் மூன்றாம் வகுப்புக் கணக்கில் தேறியவர்கள் போன ஆண்டு 72 சதவீதம், இந்த ஆண்டு 61. தலைமையாசிரியர் மாறியதுதான் காரணம் என்று பெற்றோர் குழுவில் ஒரே கொந்தளிப்பு. மாவட்டத்துக்குப் புகார் எழுதலாமா?

கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கடிதத்தில் அந்த வகுப்பில் 54 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். 54-இல் 39 பேர் தேறினால் 72 சதவீதம். 33 பேர் தேறினால் 61. வேறுபாடு 6 பிள்ளைகள். மாநிலத் தேர்வின் தேர்ச்சிக் கோட்டுக்கு இரண்டு மூன்று புள்ளி கீழே 6 பேர் நின்றுவிட்டாலே இந்தச் சரிவு வந்துவிடும். இந்த அளவு வகுப்பில், பள்ளி எதையும் மாற்றாவிட்டாலும் ஆண்டுக்கு ஆண்டு பத்துப் புள்ளி ஏறி இறங்குவது சாதாரணம்.

அதைவிட முக்கியம், போன ஆண்டு மூன்றாம் வகுப்பும் இந்த ஆண்டு மூன்றாம் வகுப்பும் வேறு வேறு பிள்ளைகள். போன ஆண்டு மூன்றில் இருந்தவர்கள் இப்போது நான்கில் இருக்கிறார்கள். அவர்களைத்தான் பின்தொடர வேண்டும். ஒரு தாளில் கட்டம் போடுங்கள்: வரிசையில் ஆண்டு, நெடுக்கில் 3, 4, 5-ஆம் வகுப்பு. மேலிருந்து கீழாகச் சரிவாக, 2023-இன் மூன்று, 2024-இன் நான்கு, 2025-இன் ஐந்து என்று படியுங்கள். அது அதே கூட்டத்தின் பயணம். இடையில் பிள்ளைகள் வந்தும் போயும் இருப்பார்கள், ஆனாலும் பக்கவாட்டில் படிப்பதைவிட இது நேர்மையானது.

மூன்று வகுப்புகளையும் மூன்று ஆண்டுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஆட்டம் இன்னும் அடங்கும். 2020 வசந்தத்தில் தேர்வே நடக்கவில்லை, 2021-இல் பல இடங்களில் பலர் எழுதவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். எழுதியவர் சதவீதத்தையும் பாருங்கள். சட்டம் கேட்பது 95. அதற்கு மிகக் கீழே போயிருந்தால், விட்டுப்போனவர்கள் யார் என்று தெரியாமல் மதிப்பெண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது.

உங்கள் மாநில அறிக்கையில் 'மாணவர் வளர்ச்சி சதமானம்' என்றொரு எண் இருக்கும். முன்பு இதே போன்ற மதிப்பெண் வாங்கிய மாநிலப் பிள்ளைகளோடு ஒப்பிடும்போது இந்தப் பிள்ளை எங்கே நிற்கிறான் என்பதை அது சொல்கிறது. நடுமட்டம் 50. முந்தைய ஆண்டு மதிப்பெண் தேவை என்பதால் நான்காம் வகுப்பிலிருந்துதான் அது கிடைக்கும். பள்ளியின் நடுமட்ட எண் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 40-க்குக் கீழே கிடந்தால் கடிதம் எழுதுங்கள். நாங்களும் எழுதச் சொல்வோம்.

வாசகி, இல்லினாய்: எங்கள் பள்ளி அறிக்கையில் இலவச மதிய உணவு பெறுவோர் 100 சதவீதம் என்று இருக்கிறது. எங்கள் தெருவில் எல்லாரும் வேலையில் இருப்பவர்கள். இது எப்படி?

'சமுதாயத் தகுதி' என்ற திட்டத்தில் உங்கள் பள்ளி சேர்ந்திருக்கிறது. வழக்கமான முறையில் குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் உணவு இலவசம், 185 சதவீதத்துக்குள் இருந்தால் சலுகை விலை. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த புதிய வழியில், உணவு உதவித்திட்டம் போன்ற அரசு உதவிகளில் ஏற்கெனவே இருப்பதால் படிவம் இல்லாமலே தகுதி பெறும் பிள்ளைகள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், பள்ளி எல்லாருக்கும் இலவசமாகச் சோறு போடலாம். யாரிடமும் வருமானம் கேட்க வேண்டியதில்லை. அந்த அளவு முன்பு 40 சதவீதம், 2023 அக்டோபரிலிருந்து 25. நேரடித் தகுதி பெற்றவர் சதவீதத்தை 1.6-ஆல் பெருக்கி, அத்தனை சதவீதச் சாப்பாட்டுக்கு மத்திய அரசு முழு இலவச விகிதத்தில் பணம் தருகிறது. 62.5 சதவீதம் இருந்தால் பெருக்கல் 100-ஐத் தொட்டுவிடும்.

பசியோடு எந்தப் பிள்ளையும் வகுப்பில் உட்காரக் கூடாது. கையில் சலுகைச் சீட்டோடு தனி வரிசையில் நிற்கவும் கூடாது. அந்த வகையில் இது அருமையான ஏற்பாடு. ஆனால் வறுமையை அளக்கும் கோலாக 'இலவச உணவு சதவீதம்' இதனால் உடைந்துபோயிற்று. 25 சதவீதம் உள்ள பள்ளியும் 100 என்று காட்டும், 80 உள்ள பள்ளியும் 100 என்று காட்டும். இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் 'நேரடித் தகுதி' எண்ணைத் தேடுங்கள். அதிலும் ஒரு குறை உண்டு: வருமானம் குறைவாக இருந்தும் அரசு உதவிக்கு விண்ணப்பிக்காத குடும்பங்கள் அதில் விழுவதில்லை.

இதே காரணத்தால், எல்லாருக்கும் இலவச உணவு தரும் மாநிலங்களில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி வருமானப் படிவம் அனுப்பினால் குப்பையில் போடாதீர்கள். கலிஃபோர்னியாவில் வருமானம் குறைந்த பிள்ளைகள், ஆங்கிலம் கற்பவர்கள், வளர்ப்பு இல்லப் பிள்ளைகள் ஆகியோர் எண்ணிக்கையை வைத்துத்தான் மாவட்டத்துக்குக் கூடுதல் நிதி வருகிறது. நிரப்பாத படிவம் ஒவ்வொன்றும் அந்த எண்ணிக்கையில் ஒரு பிள்ளையைக் குறைக்கக்கூடும்.

வாசகர், வட கரோலினா: மாணவர் ஆசிரியர் விகிதம் 14 என்று அறிக்கை சொல்கிறது. மகள் வகுப்பில் 24 பேர். பொய் சொல்கிறார்களா?

இல்லை. விகிதத்தில் சிறப்புக் கல்வி, ஆங்கில உதவி, இசை, உடற்பயிற்சி, வாசிப்பு நிபுணர் எல்லாரும் ஆசிரியர்களாகச் சேர்கிறார்கள். 480 மாணவர்களும் 34 ஆசிரியர்களும் இருந்தால் விகிதம் 14. அவர்களில் வகுப்பாசிரியர்கள் 20 பேர் என்றால் வகுப்புக்கு 24. வகுப்பு அளவை நேராகவே கேளுங்கள், அதுவும் கிண்டர்கார்டன் முதல் 3 வரைக்கு. டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கிய பெரிய ஆய்வில் 13 முதல் 17 பேர் உள்ள வகுப்புகள் 22 முதல் 25 பேர் உள்ள வகுப்புகளைவிட நன்றாகச் செய்தது அந்த இளம் வகுப்புகளில்தான்.

வாசகி, ஜார்ஜியா: செய்தியில் நாட்டின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 31 சதவீதம்தான் வாசிப்பில் தேர்ச்சி என்றார்கள். எங்கள் பள்ளியில் 70 என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டும் வேறு தேர்வுகள். 31 என்பது 'நேப்' என்ற தேசிய மதிப்பீட்டின் 2024 முடிவு. நாடெங்கும் மாதிரிக்குத் தேர்ந்த பிள்ளைகள் மட்டும் எழுதுவது. எந்தத் தனிப்பள்ளிக்கும் முடிவு தர மாட்டார்கள். அதில் 'தேர்ச்சி' என்ற கோடு உயரத்தில் இருக்கிறது. வகுப்புக்கேற்ற அளவு படிக்கிறான் என்பது அதன் பொருளல்ல என்று அதை நடத்துபவர்களே சொல்கிறார்கள். மாநிலங்கள் தங்கள் கோட்டைத் தாங்களே போட்டுக்கொள்கின்றன. நான்காம் வகுப்பு வாசிப்பில் பல மாநிலங்களின் 'தேர்ச்சி' நேப் அளவில் 'அடிப்படை' வரம்புக்குள்தான் விழுகிறது. சொல் ஒன்று, கோடு வேறு. உங்கள் பள்ளியின் 70-ஐ உங்கள் மாநிலச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

வாசகர், வர்ஜீனியா: அறிக்கையில் 'ஆசியர்' பிரிவு 88 சதவீதம் தேர்ச்சி. நம் பிள்ளைகளுக்குக் கவலையில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? சில கட்டங்களில் நட்சத்திரக் குறி மட்டும் இருக்கிறதே, அது என்ன?

எடுத்துக்கொள்ளக் கூடாது. 2010-11 கல்வியாண்டிலிருந்து பள்ளிகள் மத்திய அரசுக்குத் தரும் கணக்கில் 7 பிரிவுகள்தான். 'ஆசியர்' என்ற ஒரே பெட்டிக்குள் தமிழரும் சீனரும் வியட்நாமியரும் லாவோஸ் பகுதியிலிருந்து வந்த மொங் மக்களும் பர்மாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களும் இருக்கிறார்கள். எச்-1பி விசா வேலைக்கே பட்டப்படிப்பு தேவை. அந்த வழியில் வந்த பெற்றோரின் வீட்டில் புத்தகமும் கல்லூரிப் படிப்பும் முன்பே இருக்கின்றன. முகாமிலிருந்து வந்த குடும்பத்துக்கு அந்தத் தொடக்கம் கிடைக்கவில்லை. 88 என்ற எண் காட்டுவது இனத்தை இல்லை, பெரும்பாலும் பெற்றோரின் படிப்பையும் அவர்கள் வந்த வழியையும்தான். அந்த 88-க்கு வெளியே நிற்கும் 12 சதவீதப் பிள்ளைகளை, 'ஆசியப் பிள்ளைதானே, தானே படித்துக்கொள்ளும்' என்று ஆசிரியர் கவனிக்காமல் விடும் ஆபத்தும் இருக்கிறது. உங்கள் பிள்ளை அந்த 12-இல் ஒருவனாக இருந்தால், சராசரியைக் காட்டி யார் ஆறுதல் சொன்னாலும் ஏற்காதீர்கள், உதவி கேளுங்கள்.

படிவத்தில் இனத்தை நிரப்பாமல் விட்டால், கடைசி வழியாகப் பள்ளி ஊழியரே பார்த்துக் குறித்துக்கொள்வார். நீங்களே நிரப்புவது நல்லது. நட்சத்திரக் குறி, அந்தப் பிரிவில் பிள்ளைகள் மிகக் குறைவு என்பதற்கு. எண்ணைப் போட்டால் யார் யார் என்று அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் மறைக்கிறார்கள். கழித்துக் கண்டுபிடிக்க முடியாதபடி பக்கத்துக் கட்டத்தையும் சில நேரம் மறைப்பார்கள்.

வாசகி, வாஷிங்டன்: டிசம்பரில் ஊருக்குப் போய்ப் பொங்கல் முடித்து வருகிறோம். மகன் நன்றாகப் படிப்பவன். பள்ளியிலிருந்து 'தொடர் வராமை' என்று கடிதம் வந்துவிட்டது. விடுப்புக் கடிதம் கொடுத்துத்தானே போனோம்?

பள்ளி நாட்களில் 10 சதவீதம் வராவிட்டால் அது தொடர் வராமை. 180 நாளில் 18. அனுமதி வாங்கிய விடுப்பும் காய்ச்சலும் இந்தக் கணக்கில் சேரும். விடுமுறைக்கு முன் ஒரு வாரம், பின் இரண்டு வாரம் சேர்த்தால் 15 நாள் போயிற்று. குளிர்காலக் காய்ச்சலுக்கு 3 நாள் போதும், கோட்டைத் தொட்டுவிடுவான்.

பல மாநிலங்கள் இந்த விகிதத்தையும் பள்ளியின் தரக் கணக்கில் சேர்க்கின்றன. நம்மவர் நெருங்கி வாழும் பகுதிகளில், மதிப்பெண் உயர்ந்திருக்கும் பள்ளியின் வராமை விகிதமும் கூடித் தெரிந்தால் அதற்கு இத்தகைய பயணங்களும் ஒரு காரணமாக இருக்கலாம். தாத்தா பாட்டியைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கிளம்பும் முன் மூன்று காரியம் செய்யுங்கள்: நீண்ட பயணத்தின்போது பள்ளிக்கு வராமலே பாடம் படித்து முடிக்கத் தற்காலிகத் தனிப்படிப்பு ஒப்பந்தம் உண்டா என்று கேளுங்கள், தொடர்ந்து எத்தனை நாள் வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள், ஆங்கில, கணக்குப் பாடப் பட்டியலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மூன்றாம் வகுப்போ அதற்கு மேலோ என்றால் வசந்தத் தேர்வு நாட்களில் பயணம் வைக்க வேண்டாம்.

வாசகர், ஒஹையோ: மாணவர் விவரத்தில் எங்கள் விசா நிலையையும் பதிவார்களா?

பதிவதில்லை. 1982-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பொதுப்பள்ளி எந்தப் பிள்ளையையும் சேர்க்க மறுக்க முடியாது. வயது, முகவரி, தடுப்பூசிச் சான்றுகள் போதும்.

வாசகி, டெக்சஸ்: அடுத்த வாரம் பள்ளியைப் பார்க்கப் போகிறோம். தலைமையாசிரியரிடம் பத்து நிமிடம் கிடைக்கும். என்ன கேட்பது?

கிண்டர்கார்டன் முதல் இரண்டாம் வகுப்பு வரைக்கு ஆண்டுக்கு எத்தனை முறை வாசிப்புச் சோதனை வைக்கிறீர்கள் என்று தொடங்குங்கள். டிபெல்ஸ், மேப், ஐ-ரெடி போன்ற சோதனைகளில் ஏதாவது ஒன்றை வைத்திருப்பார்கள். வழக்கம் ஆண்டுக்கு 3 முறை. இலையுதிர்காலத்தில் பின்தங்கியவர்களில் எத்தனை பேர் வசந்தத்துக்குள் எட்டிப்பிடித்தார்கள் என்பது அடுத்த கேள்வி. பின்தங்கியதாகத் தெரிந்த நாளுக்கும் உதவி தொடங்கும் நாளுக்கும் இடையில் எத்தனை நாள், உதவி வாரத்துக்கு எத்தனை முறை, ஒரு குழுவில் எத்தனை பேர், நடத்துபவர் ஆசிரியரா உதவியாளரா என்று தொடருங்கள். வாரத்துக்கு 4 நாள், அரை மணி நேரம், 3 முதல் 5 பேர், பயிற்சி பெற்ற ஆசிரியர் என்ற மாதிரி பதில் வந்தால் அந்தப் பள்ளி தன் பிள்ளைகளை அறிந்து வைத்திருக்கிறது. 'ஒவ்வொரு பிள்ளையையும் தனித்துவமாகப் பார்க்கிறோம்' என்ற அளவில் நின்றுவிட்டால் எண்ணைக் கேட்டு மறுபடி கேளுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால், கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள், ஆண்டு நடுவில் எத்தனை பிள்ளைகள் வந்து போகிறார்கள் என்று கேளுங்கள். இரண்டாவதற்கு டெக்சஸ் அறிக்கையிலேயே 'இடமாற்ற விகிதம்' என்று எண் இருக்கும். போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மகள் ஏற்கெனவே வேறு பள்ளியில் படிக்கிறாள் என்றால், அவளுடைய சோதனை முடிவுகள் அனைத்தையும் அந்தப் பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 1974-ஆம் ஆண்டுக் குடும்பக் கல்வி உரிமைச் சட்டப்படி 45 நாளுக்குள் அவற்றை அவர்கள் உங்களுக்குக் காட்ட வேண்டும். அந்தத் தாள்களோடு போனால் பத்து நிமிடமும் உங்கள் பிள்ளையைப் பற்றியே பேசலாம்.